கானை மூட விடாததற்குக் காரணம்

மகன்,

போனை வைக்கும்போது நீ ஸலாம் சொல்லவில்லை. நான் சொல்லித்தான் தொடங்குகிறேன்: அஸ்ஸலாமு அலைக்கும். பதிலை நீ கொழும்பில் உன் அறையில் இருந்தபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டாலும் போதும். அதன் பிறகு இதை முழுவதும் வாசி. போனில் நீ என்னைப் பேச விடவில்லை. உன் உம்மாவும் விடவில்லை. இந்த வீட்டில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைக்க ஆட்கள் இருக்கிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். என் மூத்த மகள், உன் ராத்தா, இதைத் தாள் தாளாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அவளும் வாசிப்பாள், தன் மாப்பிள்ளைக்கும் காட்டுவாள், அங்கிருந்து குடும்பம் முழுக்கப் போகும். போகட்டும். மடவளை முழுக்க என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் சொல்வதையும் நாலு பேர் கேட்டால் நல்லதுதான்.

நீ சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், பிறகு நான் மாற்றிச் சொன்னேன் என்று வரக்கூடாது. "கான மூடாட்டி நான் வீட்டுக்கு வரமாட்டன் வாப்பா. நேரா சாச்சாட வீட்டுக்குப் போறன். நிக்காஹ்வுக்கு வாறதும் வராததும் ஒங்கட இஷ்டம்." இதைத்தான் சொன்னாய். உன் சாச்சா என் ஒரே தம்பி. அவருடைய மகள் நஸ்ரீனைத்தான் நீ கட்டப் போகிறாய். எங்கள் தோட்டத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவில், ஒரு ஆள் இடுப்பளவு இறங்கி நிற்கக்கூடிய கான் ஒன்று, வெட்டிய வாய்க்கால் போல, மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் ஓடுகிறது. அதை வெட்டியவர் அவர். கல்யாணத்துக்கு முன் அதை மூடிவிட வேண்டும் என்று கூலியாட்களோடு வந்தவரும் அவர். மூட விடாமல் நின்றவன் நான். இவ்வளவும் உண்மை. ஆனால் மூட விடாததற்கு என்ன காரணம் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பழைய கோபம் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய். பழைய கோபம் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் அதுவல்ல. காரணம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது.

அந்தக் காணி ஒன்றாக இருந்த காலம் உனக்குத் தெரியாது. என் வாப்பா நட்ட கராம்பு மரங்கள் மேட்டில் வரிசையாக நின்றன, இடையிலே சாதிக்காய், வேலியோரத்தில் மிளகுக் கொடிக்காக நட்ட சபுக்கு மரங்கள், பள்ளத்தில் ஒரு பெரிய பலா. கராம்பு மொட்டு வெளிறி இளஞ்சிவப்பாகத் திரும்பும் நாட்களில் நானும் உன் சாச்சாவும் பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பைக்கூட மாற்றாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவோம். ஒற்றை மூங்கில் ஏணி அது. ஒருவர் ஏறினால் மற்றவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். நான் மூத்தவன், ஆனால் பாரம் குறைந்தவர் அவர்தான், அதனால் அவர் மேலே, நான் கீழே. கொக்கியால் கொப்பை வளைத்து, மொட்டைக் கொத்தாகக் கிள்ளிச் சாக்கில் போடுவார். இடைக்கிடை ஒரு கொத்து என் தலையில் விழும். "தவறி விழுந்திட்டு நானா" என்பார். தவறி விழவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மஃரிபுக்குப் பிறகு எல்லோரும் பாயைச் சுற்றி உட்கார்ந்து மொட்டையும் காம்பையும் பிரிப்போம். கை முழுக்கக் கராம்பு எண்ணெய் ஏறி, சோறு பிசைந்தால் சோறும் கராம்பு மணக்கும், கன்னத்தில் கை வைத்துப் படுத்தால் தலையணையும் மணக்கும். இன்றைக்கும் யாராவது பிரியாணிச் சட்டியைத் திறந்தால் எனக்கு முதலில் நினைவு வருவது பிரியாணி அல்ல, அந்தப் பாயும் விளக்கும்தான்.

வாப்பா மௌத்தானதும் நில அளவையாளர் வந்து கல் நட்டுப் பிரித்தார். சண்டை எதுவும் இல்லை. எனக்குக் கிழக்கு, அவருக்கு மேற்கு. நான் கட்டுகஸ்தோட்டையில் கடை போட்டேன், அவர் தோட்டத்தையே பார்த்துக்கொண்டார். வீடு கட்டும்போது கூரை மரத்துக்காகத் தன் பக்கத்து சபுக்கு மரங்களை எல்லாம் ஒரே மூச்சில் வெட்டினார். அடிக்கட்டைகளை அப்படியே விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய மரம், அவர் வெட்டினார், கேட்க வேண்டிய கடமை இல்லைதான். ஆனாலும் கேட்டிருக்கலாம். அதை நான் இன்றும் சொல்வேன்.

நீ மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இருந்தபோது என் பக்கத்தில், எல்லைக்குக் கிட்ட நின்ற ஒரு கராம்பு மரம் மேலிருந்து மஞ்சளாகி, இலை குறைந்து, கொப்பு கொப்பாகக் காய்ந்து செத்தது. அடுத்த மழைக்குள் அதன் பக்கத்து மரமும் போனது. ஊரில் இதற்கு ஒரே பெயர்தான்: வேர் அழுகல். அதை உன் சாச்சா பார்த்திருக்கிறார். விவசாய உத்தியோகத்தர் ஒருவர் அக்குறணைப் பக்கம் வந்தபோது போய் விசாரித்திருக்கிறார். அவர், நோய் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில் கான் வெட்டச் சொல்லியிருக்கிறார். வேரோடு வேர் தொட்டுத்தான் இது பரவும், கான் இருந்தால் தொடாது. கானிலிருந்து எடுக்கும் மண்ணை நோயுள்ள பக்கம்தான் போட வேண்டும், அதில் கிடக்கும் வேர்த் துண்டுகள் நல்ல பக்கம் போகக்கூடாது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் உத்தியோகத்தர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது என்று நீ எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாய்.

நான் கடையை அடைத்துவிட்டு பஸ்ஸால் இறங்கி மேட்டில் ஏறி வருகிறேன், கான் பாதி வெட்டியாகிவிட்டது. வெட்டிய மண் முழுவதும் என் பக்கத்தில், என் மிளகுக் கொடிகளின் மேல், அணைபோலக் குவிந்து கிடக்கிறது. உன் சாச்சா அலவாங்கைக் கீழே வைத்துவிட்டு, "நானா, கோவிக்காதீங்க. நோய் ஒங்கட பக்கந்தானே ஈக்கி. மண்ண அந்தப் பக்கந்தான் போடோணுமாம்" என்றார். கூலியாட்கள் நிற்கிறார்கள். பாதையில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கொஞ்சமாவது தோட்டம் செய்கிற எவனுக்கும் மண் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், எந்தப் பக்கம் கெட்ட பக்கம் என்று விளங்கிவிடும். வாயால் சொல்லத் தேவையில்லை. என் நிலம் நோய் பிடித்தது என்று மண்ணால் எழுதி வைத்துவிட்டார். "என்ட பக்கத்துல நோய் எண்டு ஒனக்கு யாரு சென்ன?" என்று கேட்டேன். அவர் செத்த மரத்தைக் காட்டினார். நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு அந்தக் கானை நான் தாண்டவில்லை. பள்ளிவாசலில் ஸலாம் சொல்வார், பதில் சொல்வேன், அது கடமை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் அதைத் தாண்டினார்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. உன் உம்மாவும் சாச்சியும் நோன்புக் கஞ்சியை அந்தக் கானுக்கு மேலால்தான் கை மாற்றினார்கள். நீயும் நஸ்ரீனும் அதற்குள் இறங்கிப் பலா இலையைக் காசாக்கிக் கடை நடத்தினீர்கள். அவள் கடைக்காரி, நீ சாமான் வாங்குகிறவன், நிறை குறைகிறது என்று எப்போதும் சண்டை. யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே வாருங்கள் என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. உன் சாச்சாவும் அந்தப் பக்கத்து யன்னலில் நின்றிருப்பார், அவரும் கூப்பிடவில்லை. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்.

என் பக்கத்தில் நோய் இல்லை என்று நிரூபிப்பதற்காகத்தான் நான் தோண்டத் தொடங்கினேன். படிப்புக்காக அல்ல, வீம்புக்காக. கண்டியில் பழைய புத்தகம் விற்கிற இடத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார் காலத்துப் புத்தகம் ஒன்று அட்டை இல்லாமல் கிடைத்தது. ஆங்கிலம் எனக்குக் கடைக்குப் போதுமான அளவுதான் தெரியும், அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தேன். மரத்தின் வேரைத் தின்கிற பங்கசு, அதாவது பூஞ்சணம், ஒன்றல்ல, பல. மேலே இலையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, எல்லாவற்றுக்கும் இலை ஒரே மாதிரித்தான் மஞ்சளாகும். கீழே போய் வேரைப் பார்க்க வேண்டும், கழுவ வேண்டும், வெட்ட வேண்டும். சில வேரில் சிவப்பு நூல் ஓடும். சிலவற்றில் பட்டையை உரித்தால் உள்ளே வெள்ளை நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்கும். இதையெல்லாம் வாசித்துவிட்டு முதலில் நான் கண்டதெல்லாம் பங்கசுதான். சருகைத் தின்கிற வெள்ளைப் பூஞ்சணத்தைக்கூட நோய் என்று நினைத்து ஒரு நல்ல வாழை மரத்தைத் தோண்டி எடுத்தேன். உன் உம்மா அந்த வாழைக்காக இன்றைக்கும் பேசுவாள். சருகுப் பூஞ்சணம் விரலால் தேய்த்தால் போய்விடும், மரத்துக்குள் இறங்காது, மழை விட்ட காலை மாதிரி நல்ல மணம் இருக்கும். அது ஏழை, செத்ததைத் தின்று பிழைக்கிறது. வித்தியாசம் பிடிபட எனக்கு நாள் எடுத்தது.

பிறகு என் செத்த மரத்தின் வேரைத் தோண்டினேன். பெருவிரல் பருமனான துண்டு. அதைச் சுற்றி மண்ணும் மணலும் சிறு கல்லும் ஓடு கட்டியதுபோல ஒட்டிக் கிடந்தன. பேசினில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், போகவில்லை. தும்பால் தேய்த்தேன், போகவில்லை. உன் உம்மா எட்டிப் பார்த்து, "என்னத்தப் போட்டு இப்பிடி உரசுறீங்க, மரவள்ளியா? அவிச்சா நல்லா ஈக்குமா?" என்று கேட்டாள். கத்தியால் சுரண்டினால் கல்லுக்கு அடியில் கபில நிறத்தில் தோல்போல ஒரு படை. கல்லையும் மண்ணையும் வேரோடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அதுதான். குறுக்கே வெட்டினால் உள்ளே மரம் தேன்கூடு மாதிரி, கபிலக் கோடுகள் வலைபோல ஓடுகின்றன. புத்தகத்தில் இருந்தது அப்படியே: கபில வேர் நோய். கழுவினால் மண் போகாது என்பதுதான் அதன் முதல் அடையாளம். அந்தப் பேசினுக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தேன். என் தம்பி சொன்னது சரி. என் பக்கத்தில் நோய் இருந்தது. நான் போய் அதை அவரிடம் சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும்? சரியாகச் சொன்னாலும் சொன்ன விதம் ஒன்று இருக்கிறது. செத்த மரங்களின் அடிக்கட்டையை வேரோடு கிளப்பி எரித்தேன், அந்த இடத்தில் மரம் வைக்காமல் புல் போட்டேன். மாடு இல்லாத வீட்டுக்கு எதற்குப் புல் என்று நீ சிரித்தாயே, அந்தப் புல்தான். சாப்பிட மர வேர் கிடைக்காவிட்டால் அந்தப் பங்கசு மெல்ல மெல்ல அடங்கும். கடைசி வேர்த் துண்டு உக்கிப் போகும் வரைக்கும் அடங்காது, அதற்குப் பல வருடம் செல்லும்.

அதற்குப் பிறகுதான் உன் சாச்சாவின் பக்கம் மரம் சாகத் தொடங்கியது. கானுக்குக் கிட்ட ஒன்று, பிறகு ஒரு சாதிக்காய். ஊர் என்ன சொன்னது? நானாவின் நோய் கானைத் தாண்டிவிட்டது, தம்பி பிந்தி வெட்டிவிட்டார் என்றது. எனக்கு அது பொருந்தவில்லை. செத்த மரங்கள் கானோரத்தில் இருந்தாலும், அவை சபுக்கு அடிக்கட்டைகளுக்கும் பக்கத்தில் நின்றன. சாச்சியிடம் ஒரு வேர்த் துண்டு கேட்டு வாங்கு என்று உன் உம்மாவிடம் சொன்னேன். அடுத்த நாள் கானுக்கு மேலால் ஒரு வட்டிலாப்பக் கிண்ணமும் அதோடு ஒரு பையும் வந்தன. பையைத் திறந்தால் வேர், பளபளவென்று. மச்சானுடைய வீட்டுக்கு மண்ணோடு ஒரு சாமானை எப்படி அனுப்புவது என்று சாச்சி வெட்கப்பட்டு, சவர்க்காரம் போட்டுத் தும்பால் தேய்த்து, பட்டையையும் சீவி, புதுப் பையில் போட்டு அனுப்பியிருக்கிறார். மரியாதை எல்லாம் சரி, அந்த வேரை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல? மண் ஒட்டியிருந்ததா இல்லையா என்பதுதானே கேள்வியே. "கழுவாம அனுப்பச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். சாச்சிக்கு அது விளங்கவில்லை, நான் ஏதோ குறை பிடித்துவிட்டேன் என்று மனவருத்தம். இரண்டாவது பை வர ஒரு மாதம் எடுத்தது. இந்தத் தடவை சேறோடு வந்தது. பேசினில் போட்டேன். முதல் தண்ணீரிலேயே மண் முழுக்கக் கழன்று போனது. வேரின் மேலே கரி பூசியது மாதிரிக் கறுத்த திட்டுகள். பட்டையை உரித்தேன், அடியில் வெள்ளையாக விசிறி விசிறியாகப் படர்ந்திருந்தது. மரத்தை வெட்டினால் தேன்கூடு இல்லை, பென்சிலால் இரட்டையாகக் கீறியது போன்ற கறுப்புக் கோடுகள். இது கரி வேர் நோய். இது வேறு பங்கசு. வெட்டி விட்ட பச்சை அடிக்கட்டையில், அதுவும் சபுக்குக் கட்டையில், காற்றால் வந்து குடியேறி அங்கிருந்து வேர் வழியாக நல்ல மரத்துக்குப் போவது. வெட்டுவதற்கு முன் பட்டையைச் சுற்றி உரித்து, மரத்தைத் தானாகக் காய விட்டுப் பிறகு வெட்டியிருந்தால் வந்திராது.

விளங்குகிறதா மகன்? என் நோய் அவருக்குப் போகவில்லை. அவருடைய நோய் எனக்கு வரவில்லை. நடுவில் ஒரு கான், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு வேறு பங்கசுகள், மேலே ஒரே மாதிரி மஞ்சளான இலைகள். இலையைப் பார்த்துத்தான் ஊரும் பேசியது, நாங்களும் பேசாமல் இருந்தோம். சபுக்குக் கட்டைகளைக் கிளப்பி எரிக்கச் சொல்லி உன் உம்மா மூலம் உடனே சொல்லியனுப்பினேன். பழிக்குப் பழி சொல்கிறேன் என்று உன் சாச்சா எடுத்துக்கொண்டார். "நானா இப்ப என்ட பக்கம் மண் போடப் பாக்கிறார்" என்றாராம். அதோடு நான் விட்டுவிட்டேன். இரண்டு தரம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். நீயும் நஸ்ரீனும் பேசி முடிவெடுத்து, உம்மாவும் சாச்சியும் பேசி முடிவெடுத்து, கடைசியில் எனக்கும் அறிவித்தீர்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால் இரண்டு நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்தேன். பிறகு ஒரு காலை உன் சாச்சா ஆட்களோடு வந்து கானை மூடத் தொடங்கினார். சத்தம் கேட்டு ஓடிப் போய் உள்ளே இறங்கி நின்றுகொண்டேன். என் மேல் மண்ணைப் போட முடியாதே. "நானா, இந்தக் கான வெட்டின நான்தான். நானே மூடுறன். மகளக் கட்டிக் குடுக்கிற நான் இதுக்கு மேல என்ன செய்ய?" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் நான் விளக்கம் சொல்லியிருக்க வேண்டும் என்று உன் உம்மா சொல்கிறாள். ஆட்கள் மண்வெட்டியோடு சுற்றி நிற்க, இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டு யாரால் பங்கசைப் பற்றி விளக்கம் சொல்ல முடியும்? "மூட ஏலாது" என்று மட்டும் சொன்னேன். அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மத்தியானத்துக்குள் செய்தி உன்னிடம் வந்துவிட்டது, இரவு நீ போன் எடுத்தாய்.

நீ போனை வைத்த பிறகு நான் உட்கார்ந்து யோசித்தேன். உனக்காக இல்லை என்று சொன்னால் பொய். ஒரே மகனுடைய நிக்காஹ்வுக்கு வாப்பா ரோட்டில் நின்று பார்ப்பதா? அடுத்த நாள் அஸருக்குப் பிறகு என் பக்கத்தில் புல்லுக்குக் கீழே மிஞ்சிக் கிடந்த ஒரு வேரும் தோண்டி எடுத்து, சாச்சியிடம் கழுவாத வேர் இன்னொன்றும் வாங்கி, பேசினையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போய்க் கான் ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். உன் சாச்சாவை வரச் சொல்லி அனுப்பினேன். வந்தார். அவர் ஓரத்தில் அவர் குந்தினார். "என்ன நானா, கடை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. என் பக்கத்து வேரை முதலில் தண்ணீரில் போட்டு, "கழுவிப் பாரு" என்று பேசினை நீட்டினேன். அவர் கையை நீட்டிக் கழுவினார், நகத்தால் கிள்ளினார், மண் அசையவில்லை. "இது என்ட பக்கம்" என்றேன். பிறகு அவருடைய வேரைப் போட்டேன். ஒரு சுழற்று, எல்லாம் கரைந்து தண்ணீர் சிவந்தது. பட்டையை உரித்து வெள்ளை விசிறியைக் காட்டினேன், வெட்டிக் கறுப்புக் கோட்டைக் காட்டினேன், என்னுடைய வேரின் தேன்கூட்டையும் காட்டினேன். இரண்டு துண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். நல்ல கெட்டிக்காரர் உன் சாச்சா, எனக்கு மாதக்கணக்கில் பிடிபட்டது அவருக்கு அங்கேயே பிடிபட்டது.

"அப்ப நான் வெட்டினது சரிதானே நானா?"

"வெட்டினது சரி. மண் போட்ட பக்கந்தான் அரைவாசி."

"அரைவாசி எண்டா?"

"என்ட பக்கமும் நோய், ஒன்ட பக்கமும் நோய். அரைவாசிய ஒன்ட பக்கம் போட்டிருக்கோணும்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். ஏணியின் மேலிருந்து சிரிப்பாரே, அதே சிரிப்பு, பல் மட்டும் குறைந்திருக்கிறது. பிறகு நிறுத்திவிட்டு, "இத்தின வருசமா இத ஏன் சொல்லல்ல?" என்று கேட்டார். நீ கேட்டியா என்று நான் கேட்டேன். அவர் தன் துண்டைத் தன் பக்கம் வைத்துவிட்டு, எனதை என்னிடம் நீட்டினார்.

அதனால்தான் கான் மூட முடியாது. மூடினால் அந்த மண்ணுக்குள் என் பக்கத்து வேரும் அவர் பக்கத்து வேரும் கை கோத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் கராம்பு மரங்களுக்கு, வாப்பா நட்ட அந்த மரங்களுக்கு, இரண்டு நோயும் போகும். நாளைக்கு இரண்டு தோட்டமும் உங்கள் இரண்டு பேருக்கும்தான் வரும். அப்போது எல்லோரும் சொல்வார்கள், இனி ஒரே வீடுதானே, ஒரே தோட்டம்தானே, நடுவில் எதற்குக் கான் என்று. மூடாதே. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தூர்ந்த மண்ணை அள்ளு, அரைவாசி அந்தப் பக்கம், அரைவாசி இந்தப் பக்கம். அள்ளும்போது ஏதாவது வேர் குறுக்கே வந்திருந்தால் வெட்டு. கல்யாண வாழ்க்கைக்குப் புத்தி சொல்ல எனக்கு வராது, உன் உம்மாவிடம் கேட்டால் நான் அதற்கு லாயக்கில்லாதவன் என்பாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டில் ஏதாவது வாடினால், இன்னாரால்தான் வாடியது என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிடாதே. இறங்கித் தோண்டு, கையால் கழுவு. கழுவுகிற வேலையை மற்றவரிடம் விடாதே, சாச்சி மாதிரி நல்ல மனதோடு கழுவினாலும் அடையாளம் போய்விடும்.

இனி மாப்பிள்ளையாக நீ பெண் வீட்டுக்கு எப்படிப் போவது என்கிற விஷயம். சுற்றி ரோட்டால் போவது என்றுதான் நான் சொன்னேன். உன் சாச்சா விடவில்லை. மாப்பிள்ளை தோட்டத்தால்தான் வர வேண்டும், சின்னதில் ஓடி வந்த வழி அது என்கிறார். கானுக்குக் குறுக்கே மர ஆலையில் அறுத்த புதுப் பலகை ஒன்று போடுவதாக முடிவாகியிருக்கிறது, தோட்டத்து மரம் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். ஆனால் காலோடு மண் போகுமே. சேற்றால் இந்த நோய் பெரிதாகப் பரவாது, வேர்த் துண்டுதான் நோயைக் காவிக்கொண்டு போகும் என்று எனக்கே தெரியும், இருந்தாலும் என் மனம் கேட்கவில்லை. உன் சாச்சா யோசித்துவிட்டு, "எப்படியும் மாப்பிள்ளைட கால கழுவத்தானே வேணும் நானா. வாசல்ல கழுவுறத கான்ல கழுவுவோம்" என்றார். வாசற்படியில் நின்று மச்சினன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்குகிற வழக்கம் இந்த ஊரில் எத்தனையோ காலமாக இருக்கிறது, கானோரத்தில் கழுவியதாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நஸ்ரீனின் தம்பி குடத்தோடு அங்கே நிற்பான். தண்ணீரைக் கானுக்குள்ளேயே விடச் சொல்லியிருக்கிறேன். உன்னோடு வருகிற கொழும்புக் கூட்டாளிகளிடமும் முன்கூட்டியே சொல்லிவை, சப்பாத்தைக் கழற்றாமல் ஒருவரும் பலகையில் ஏற முடியாது. நான் அங்கே நிற்பேன்.

பேசி முடித்து எழும்பும்போது உன் சாச்சா கேட்டார்: "மாப்பிள்ளைட கால என்ட மகன் கழுவுவான். ஒங்கட கால யாரு கழுவுற?"

"எனக்கு யாரும் கழுவத் தேவையில்ல. நானே கழுவிக்கொள்வன்."

"குனிய ஏலுமா ஒங்களுக்கு? தண்ணிய நான் ஊத்துறன்" என்றார்.

நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நீ கவனி.

வியாழன் பின்னேரத்துக்குள் வந்துவிடு. முதலில் இந்த வீட்டுக்கு.

உன் வாப்பா